கொழும்பில் வணிகக் கட்டடம் கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புறக்கோட்டையில் தாத்தா காலத்துக் கடையை இடித்து நாலு மாடி எழுப்ப நினைப்பவர், பம்பலப்பிட்டியில் வாடகைக்கு விட அலுவலகக் கட்டடம் போடுபவர், வெள்ளவத்தையில் மண்டபம் கட்டுபவர் என்று பலர் வருவார்கள். கட்டட வேலைகளை முகாமை செய்து கொடுக்கும் எங்களிடம் அவர்கள் கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். பதில்கள் உரிமையாளரின் பக்கம் நின்று எழுதப்பட்டவை. சட்டத்தரணியும் கணக்காளரும் சொல்லவேண்டியதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

காணி இருக்கிறது, கடன் தர வங்கியும் சம்மதம். முதலில் யாரைப் பிடிப்பது?

பெரும்பாலானோர் முதலில் ஒப்பந்தக்காரரைப் பிடிக்கிறார்கள். அவரைக் கடைசியாகப் பிடித்தால் போதும்.

முதலில் நில அளவையாளர். உறுதியில் உள்ள அளவும் நிலத்தில் உள்ள அளவும் ஒத்துப்போகாதது பழைய கொழும்புக் காணிகளில் புதிதல்ல. ஒரு பேர்ச்சஸ் என்பது 272 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். செட்டியார் தெருவில் அரைப் பேர்ச்சஸ் குறைந்தால் ஒரு படிக்கட்டுக்கான இடமே போய்விடும். அடுத்து மாநகர சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுங்கள். வீதியை அகலமாக்க வரைந்து வைத்திருக்கும் கோடு உங்கள் காணியின் முகப்பை வெட்டிக்கொண்டு போகலாம். அந்தத் துண்டைக் கணக்கில் சேர்த்து வரைந்த வரைபடம் எதற்கும் உதவாது.

இவை கையில் வந்த பிறகு கட்டடக் கலைஞர். அவர் முதல் வரைபடத்தைப் போடும்போதே மண் பரிசோதனையையும் தொடங்கிவிடலாம்.

அனுமதி எங்கே எடுக்க வேண்டும்?

கொழும்பு நகரம், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனப் பிரதேசத்துக்குள் வருகிறது. சிறிய கட்டடங்களுக்கான விண்ணப்பத்தை அந்தச் சபை கையளித்த அதிகாரத்தின்படி மாநகர சபை பார்க்கும். பெரியவை நேரே அதிகார சபைக்குப் போகும். எது சிறியது, எது பெரியது என்பதைப் பரப்பும் உயரமும் பாவனையும் தீர்மானிக்கின்றன. இப்போது 2021இல் வர்த்தமானியில் வந்த திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் நடைமுறையில் உள்ளன. பழைய விதிகளை மனப்பாடமாக வைத்திருக்கும் ஒருவர் “பிரச்சினை இல்லை, நாங்கள் எத்தனை கட்டினோம்” என்று சொன்னால் அவரை நம்பி வரைபடம் போடாதீர்கள்.

முழு வரைபடத்துக்குக் காசு செலவழிக்க முன்னர் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதியை எடுத்துக்கொள்வது நல்லது. இந்தக் காணியில் எத்தனை மாடி, எவ்வளவு பரப்பு, எத்தனை வாகனத் தரிப்பிடம் என்பது அதில் தெளிவாகிவிடும். வணிகக் கட்டடத்தில் பலரின் கணக்கைப் புரட்டிப்போடுவது வாகனத் தரிப்பிடம்தான். தரைமாடியில் பத்துக் கடை என்று நினைத்துக்கொண்டு வந்தவர், வாகனங்களுக்கு இடம் விட்ட பிறகு ஐந்து கடையோடு திரும்பிப் போவார்.

இவற்றோடு மாநகர சபையின் தீயணைப்புச் சேவை, நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை, மின்சாரம் வழங்கும் நிறுவனம் ஆகியவற்றின் இணக்கமும் வேண்டும். உயரமான கட்டடமென்றால் சிவில் விமான சேவைகள் அதிகார சபையும், தாழ்நிலமென்றால் வடிகால் பக்கமும் சேரும். எல்லாவற்றுக்கும் ஒரே வரைபடத் தொகுதி போக வேண்டும். தீயணைப்புக்கு ஒரு படிக்கட்டு, நகர அபிவிருத்திக்கு இன்னொரு படிக்கட்டு காட்டிய கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் அது, அனுமதித்தபடிதான் கட்டினீர்கள் என்று தரும் இணக்கச் சான்றிதழை எடுக்கும் நாளில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

அனுமதி வருமுன்னே அத்திவாரத்தைத் தொடங்கிவிடலாமா? நல்ல நாள் ஒன்று வருகிறது.

நல்ல நாளில் கல் வைத்துப் பூசை செய்யுங்கள். மண் வெட்டும் இயந்திரத்தை இறக்காதீர்கள். அனுமதி இல்லாத வேலையை நிறுத்தவும் இடிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. காப்புறுதி நிறுவனமும் வங்கியும் அந்தக் காகிதத்தைக் கேட்காமல் நகராது.

மண் பரிசோதனை கட்டாயமா? பக்கத்தில் ஆறு மாடி நிற்கிறதே?

கொழும்பில் ஐம்பது அடிக்குள் மண் மாறும். ஒரு பக்கம் உறுதியான செம்மண், அதற்கு அடியில் சிதைந்த பாறை. இன்னொரு பக்கம் பேரை வாவியையும் பழைய கால்வாய்களையும் ஒட்டிய சேறும் உக்கல் மண்ணும். அந்த உக்கல் மண்ணின் மேல் பாரம் ஏற்றினால் அது ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும். அதனால்தான் இங்கே பல கட்டடங்களுக்குத் துளையிட்டுக் கொங்கிறீட் நிரப்பும் பைல்களைப் பாறைவரை இறக்குகிறார்கள்.

பக்கத்துக் கட்டடத்தின் பைல் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. அது சரியாக நிற்கிறதா என்பதும் தெரியாது. துளைகளின் எண்ணிக்கையில் கஞ்சம் பிடிக்காதீர்கள். காணியின் ஒரு மூலையில் மட்டும் துளையிட்டு எடுத்த அறிக்கை மற்ற மூலையைப் பற்றி எதுவும் சொல்லாது. பைல் வேலை தொடங்கியபின் பாறை எதிர்பார்த்ததை விட ஆழத்தில் இருந்தால் கூடுதல் நீளத்துக்கான காசு உங்கள் தலையில்தான் விழும். ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் போட்ட விலைப்பட்டியலில் பைலை மீற்றர் கணக்கில் போடச் சொல்வதும் இதற்காகவே.

பக்கத்துக் கடைக்காரர் சுவர் வெடிக்கும் என்று இப்போதே சண்டைக்கு வருகிறார். என்ன செய்வது?

அவர் வருவது நல்லது. வராதவர்தான் பிறகு நீதிமன்றத்தில் நிற்பார்.

புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் கடைக்கும் கடைக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தச் சுவருக்கு அடியில் அத்திவாரம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாமலும் இருக்கலாம். நீங்கள் உங்கள் பக்கத்தைத் தோண்டினால் அவருடைய பக்கத்துக்கான தாங்கல் போய்விடும். இலங்கையில் பின்பற்றப்படும் ரோமன் டச்சுச் சட்டத்தில் அயல் நிலத்துக்குப் பக்கத் தாங்கல் பெறும் உரிமை உண்டு. “என்னுடைய காணிக்குள்தான் தோண்டினேன்” என்பது அங்கே பதிலாகாது.

வேலை தொடங்குமுன் சுற்றியுள்ள ஒவ்வொரு கட்டடத்தையும் உள்ளும் வெளியும் பார்த்து, இருக்கும் வெடிப்புகளைத் திகதியோடு படமெடுத்து, அளந்து, உரிமையாளரின் கையொப்பத்தோடு அறிக்கையாக வைக்க வேண்டும். வெடிப்பின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டு ஒட்டிவைத்தால் பிறகு அது விரிந்ததா என்று இருவருக்கும் தெரியும். இந்த வேலையைச் செய்பவர் உங்களுடைய ஒப்பந்தக்காரராக இருக்கக் கூடாது. தனி எஞ்சினியராக இருக்கட்டும். செலவு சிறியது. இது இல்லாமல் போனால் இருபது வருடப் பழைய வெடிப்பும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

பேஸ்மென்ட் தோண்டுகிறவர்களுக்கு இன்னும் ஒரு ஆபத்து. கொழும்பில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது. குழியை உலர்த்த இரவு பகலாகப் பம்ப் பண்ணினால் அயல் காணியின் நீர்மட்டமும் சேர்ந்து இறங்கும். நீர் போன மண் அமுங்கும், அதோடு அவருடைய தரையும் இறங்கும். சுற்றிவரத் தடுப்புச் சுவரை முதலில் இறக்கி நீரை வெட்டிவிட்டுத்தான் தோண்ட வேண்டும். வாகனத் தரிப்பிடத்துக்காக இரண்டாவது பேஸ்மென்ட் கேட்கும் சிறிய காணி உரிமையாளர்களுக்கு நான் சொல்வது, அந்தச் செலவையும் மேலே ஒரு மாடி குறைவதால் வரும் நட்டத்தையும் ஒரே காகிதத்தில் எழுதிப் பாருங்கள் என்பதே. பலர் மாடியைக் குறைத்தார்கள்.

2017 மே மாதம் வெள்ளவத்தையில் மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்ததைக் கொழும்பில் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அயலவர் பயப்படுவது வம்புக்கு அல்ல.

கட்டடக் கலைஞர், எஞ்சினியர், கியூ.எஸ்., புரொஜெக்ட் மெனேஜர்... இத்தனை பேருக்கும் காசு கொடுக்க வேண்டுமா?

சிறிய கட்டடத்தில் ஒருவர் இரண்டு தொப்பி போடலாம். ஆனால் வேலையை அளந்து விலை கணக்கிடும் கியூ.எஸ். ஒப்பந்தக்காரருடைய ஆளாக இருக்கக் கூடாது. அளந்து பில்லைச் சரிபார்ப்பவர் உங்களிடம் சம்பளம் வாங்க வேண்டும்.

ஒப்பந்தக்காரரை எப்படித் தெரிவு செய்வது? ஆகக் குறைந்த விலைக்கே கொடுத்துவிடலாமா?

முதலில் சீடா என்று எல்லோரும் சொல்லும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையின் பதிவைப் பாருங்கள். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த சபை அது. அதற்கு முன்னர் இக்டாட் என்ற பெயரில் இருந்தது. ஒப்பந்தக்காரர்களின் தரங்களில் சி.எஸ்.2 மேல்படி, சி.9 அடிப்படி. உங்கள் வேலையின் பெறுமதிக்கு அந்தத் தரம் போதுமா, பதிவு இந்த வருடம் புதுப்பிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். ஒருவருடைய பதிவைக் காட்டி இன்னொருவர் வேலை செய்வதும் நடக்கிறது. ஆகவே முன்பு முடித்த கட்டடம் ஒன்றுக்கு நேரில் போய், அதன் உரிமையாளரோடு தேநீர் குடித்துப் பேசுங்கள். ஒப்பந்தக்காரர் இல்லாத நேரத்தில் போங்கள்.

விலையைப் பற்றி: மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். விலைப்பட்டியலில் மூன்று இடங்களைத் தோண்டிப் பார்க்க வேண்டும். ஒன்று, தொடக்க வேலைகளின் விலை. சிலர் மண்வேலைக்கும் அத்திவாரத்துக்கும் விலையை ஏற்றி, பூச்சு, பெயின்ட், கதவுக்கு இறக்கி வைப்பார்கள். மொத்தம் அழகாக இருக்கும். காசு முதல் ஆறு மாதத்தில் போய்விடும்; பிறகு கடைசி வேலைக்கு அவருக்கு ஆர்வம் இராது. இரண்டு, பி.சி. ரேட். டைல், குளியலறைப் பொருள், கதவுப் பூட்டு ஆகியவற்றுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை போட்டிருக்கும். அதைக் குறைவாகப் போட்டால் டெண்டர் மலிவாகத் தெரியும். நீங்கள் கடைக்குப் போய் விருப்பமான டைலைக் காட்டும் நாளில்தான் உண்மை விலை வரும். மூன்று, “உரிமையாளர் வழங்குவது” என்று சின்ன எழுத்தில் உள்ளவை. சைட்டுக்குத் தண்ணீர், கரண்ட், காவல் எல்லாம் அங்கே ஒளிந்திருக்கும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிடலாமே? எதற்கு விலைப்பட்டியல்?

சதுர அடிக் கணக்கு வங்கியில் பேசவும் மனதுக்குள் கணக்குப் போடவும் நல்லது. ஒப்பந்தத்துக்கு நல்லதல்ல. ஒரே சதுர அடிக்குள் 4 அங்குலத் தளமும் அடங்கும், 6 அங்குலத் தளமும் அடங்கும். கட்டட வேலைகளை எப்படி அளப்பது என்பதற்கு இலங்கைத் தர நியமம் எஸ்.எல்.எஸ். 573 இருக்கிறது. அதன்படி தயாரித்த விலைப்பட்டியல் இருந்தால் இரண்டு ஒப்பந்தக்காரரின் விலையை வரி வரியாக ஒப்பிடலாம். வேலை கூடினாலும் குறைந்தாலும் எந்த விலையில் என்று சண்டை வராது.

வேலை நடக்கும்போது சின்னச் சின்ன மாற்றங்கள் செய்யலாம்தானே?

செய்யலாம். கட்டட வேலையில் உரிமையாளர்கள் இழக்கும் காசில் பெரும்பங்கு இந்த “சின்ன” என்ற சொல்லுக்குள்தான் இருக்கிறது.

ஒரு நடைமுறை உதாரணம். மூன்றாம் மாடியைத் திறந்த அலுவலகமாக வரைந்தோம். தளம் கொங்கிறீட் போட்டாகிவிட்டது. பல் வைத்தியர் ஒருவர் நல்ல வாடகை தருகிறேன் என்று வந்தார். பத்து நாற்காலிக்கும் தண்ணீரும் கழிவுக் குழாயும் வேண்டும். தளத்தில் துளை போட வேண்டும். துளை பீமுக்கு மேல் விழுந்தால் கட்டமைப்பு எஞ்சினியர் சம்மதிக்க மாட்டார். குழாயை நகர்த்தினால் கீழ்மாடிக் கடையின் சீலிங் இறங்கும். ஏசி கூடும், மின்சாரத் தேவையும் கூடும். இந்த ஒரு வாடகையாளருக்காக ஐந்து வரைபடங்கள் மாறும். அவர் வருவது தளம் போடுமுன் தெரிந்திருந்தால் ஒரு குழாயை முன்கூட்டியே விட்டுவைத்து முடித்திருக்கலாம்.

அதனால் மாற்றத்துக்கு ஒரு வழிமுறை வேண்டும். எது மாறுகிறது, எவ்வளவு செலவு, எத்தனை நாள் கூடும் என்ற மூன்றும் ஒரே தாளில் எழுதப்பட்டு உரிமையாளர் கையொப்பம் இட்ட பிறகுதான் பாஸ் (தலைமை வேலையாள்) சுத்தியலைத் தூக்க வேண்டும். விலைப்பட்டியலில் அந்த வேலை இருந்தால் அதே விலை. இல்லாவிட்டால் பொருள், கூலி, இயந்திரம், இலாபம் என்று பிரித்துக் காட்டி முதலிலேயே பேசி முடிப்பது. வேலை முடிந்தபின் பேசும் விலையில் எப்போதும் ஒருவர் கொதிப்போடு எழும்பிப் போவார்.

இன்னொன்று, நம்முடைய குடும்ப வணிகங்களுக்கே உரியது. சனிக்கிழமை அப்பா வந்து சுவரை இங்கே வை என்பார். திங்கள் அண்ணன் வந்து அங்கே வை என்பார். மச்சான் தொலைபேசியில் கண்ணாடி போடச் சொல்வார். ஒப்பந்தக்காரர் மூன்றையும் செய்துவிட்டு மூன்றுக்கும் பில் போடுவார், அது நியாயமும்கூட. குடும்பத்துக்குள் என்ன விவாதமும் நடக்கட்டும், சைட்டுக்கு உத்தரவு கொடுப்பவர் ஒருவர்தான் என்று முதல் கூட்டத்திலேயே பெயர் குறிப்பிட்டு எழுதிவிடுங்கள். வயதில் மூத்தவர் சைட்டுக்கு வரலாம், பார்க்கலாம், திட்டலாம். அவர் சொன்னது அந்த ஒருவர் வழியாகக் காகிதத்தில் வரவேண்டும்.

கூட்டம் எந்த மொழியில் நடத்துவது?

ஒப்பந்தம் ஆங்கிலம், பாஸ்மார் பெரும்பாலும் சிங்களம், உரிமையாளர் தமிழ். மூன்றும் கலந்துதான் பேச்சு ஓடும், அதில் குறையில்லை. கூட்டக் குறிப்பு மட்டும் ஒரே மொழியில், இரண்டு நாளுக்குள், யார் எதை எந்தத் திகதிக்குள் செய்வது என்ற மூன்று நிரலோடு வரட்டும். உங்களுக்கு விளங்காத மொழியில் வந்த குறிப்பில் கையொப்பம் இடாதீர்கள்.

பணத்தை எப்படிக் கொடுப்பது? முற்பணம் கேட்கிறார்கள்.

20 கோடி ரூபா ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சீடாவின் மாதிரி ஆவணங்களில் வழக்கமாகக் காணும் அளவுகளைப் போட்டால் கணக்கு இப்படி வரும். முற்பணம் 20 வீதம், அதாவது 4 கோடி. இது வங்கி உத்தரவாதத்துக்கு எதிராக மட்டும் கொடுக்கப்படும். பிறகு மாதாந்தப் பில்களில் சிறிது சிறிதாகக் கழிக்கப்படும். ஒப்பந்தக்காரர் வேலையைச் சரியாக முடிக்காவிட்டால் வங்கி கொடுக்கும் நிறைவேற்று உத்தரவாதம் 5 வீதம், ஒரு கோடி. ஒவ்வொரு பில்லிலும் 10 வீதம் பிடித்துவைக்கப்படும். பிடித்த தொகை ஒப்பந்தத்தின் 5 வீதத்தை, இங்கே ஒரு கோடியை எட்டியதும் நிறுத்தப்படும். கையளிக்கும்போது அதில் பாதியும், பின்னர் தெரியவரும் குறைகளை ஒப்பந்தக்காரர் திருத்தித் தரும் குறைபாட்டுக் காலம் முடிந்ததும் மீதியும் திரும்பக் கொடுக்கப்படும்.

உத்தரவாதப் பத்திரம் வந்ததும் அதை வழங்கிய வங்கிக் கிளைக்குக் கடிதம் எழுதி உண்மையானதுதானா என்று உறுதிசெய்யுங்கள். முடிவுத் திகதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வேலை நீண்டு பத்திரம் காலாவதியான பின்னர் ஒப்பந்தக்காரர் காணாமல் போனால் அது வெறும் கடதாசி.

பில்லுக்குக் காசைச் சரியான நாளில் கொடுப்பதும் முகாமைதான். எஞ்சினியர் ஆலோசகர்களின் சர்வதேசச் சம்மேளனமான ஃபிடிக் 1999இல் வெளியிட்ட மாதிரி ஒப்பந்த நிபந்தனைகளின்படி, ஒப்பந்தக்காரரின் கணக்கு எஞ்சினியருக்குக் கிடைத்த நாளிலிருந்து 56 நாட்களுக்குள் காசு போக வேண்டும். உள்ளூர் ஒப்பந்தங்களில் அதைவிடக் குறுகிய காலம் எழுதுவார்கள். காசு தாமதமானால் முதலில் ஆட்கள் குறைவார்கள், பிறகு கம்பி வராது, பிறகு “மழை” என்பார்கள். 18 வீத வற் வரி ஒப்பந்தத் தொகைக்குள் அடங்குமா, வெளியேயா என்பதை முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். 20 கோடிக்கு அது 3 கோடி 60 இலட்சம்.

விலை ஏறினால் யார் தலையில்?

2022 மார்ச்சில் மத்திய வங்கி நாணய மாற்று வீதத்தைத் தளர்த்தியபோது டொலர் 200 ரூபாவை ஒட்டி நின்றது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. லிஃப்ட் இறக்குமதி; கம்பி, அலுமினியம், கேபிள் ஆகியவற்றின் மூலப்பொருளும் இறக்குமதி. நிலையான விலைக்கு ஒப்பந்தம் எழுதிய உரிமையாளர்கள் தாங்கள் தப்பிவிட்டதாக நினைத்தார்கள். கொழும்பெங்கும் பாதியில் நின்ற கட்டடங்கள் வேறு கதையைச் சொல்லின. முறிந்துபோன ஒப்பந்தக்காரரிடம் நிலையான விலையை வைத்து என்ன செய்வது?

சீடா சூத்திரம் இதற்காகவே உள்ளது. வேலையில் சீமெந்து இத்தனை பங்கு, கம்பி இத்தனை பங்கு, கூலி, எரிபொருள் இத்தனை பங்கு என்று முதலே நிர்ணயித்து, சபை மாதந்தோறும் வெளியிடும் சுட்டெண்களின் ஏற்ற இறக்கத்தால் பெருக்குவார்கள். விடையை மேலும் 0.966ஆல் பெருக்குவார்கள், அதாவது ஏற்றத்தில் ஒரு சிறு பங்கை ஒப்பந்தக்காரரே தாங்க வேண்டும். சுட்டெண் இறங்கினால் காசு உங்கள் பக்கம் திரும்பும். நான் ஒரு வருடத்துக்கு மேல் போகும் எந்த வேலைக்கும் சூத்திரத்தோடு கூடிய ஒப்பந்தத்தையே பரிந்துரைப்பேன். ஆறு மாத வேலைக்கு நிலையான விலை போதும்.

எத்தனை மாதத்தில் முடியும்?

மாதங்களை எண்ணுமுன் நாட்காட்டியைப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. ஆனால் கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழைதான் குழிகளை நிரப்புவது. ஆகவே அத்திவாரத்தைச் சனவரி, பெப்ரவரி, மார்ச்சுக்குள் நிலமட்டத்துக்குக் கொண்டுவருவதுபோல் டெண்டரை அழைப்பது புத்தி. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகும் ஆட்கள் இரண்டு நாளில் திரும்ப மாட்டார்கள். அந்த மாதத்தைப் பாதி மாதமாகவே எண்ணுங்கள். மாதம் ஒரு போயா, அதன்மேல் வெசாக், தீபாவளி, பொங்கல், கிறிஸ்மஸ்.

தாமதத்துக்கான நட்டஈட்டை ஒப்பந்தத்தில் நாளுக்கு 0.05 வீதம், உச்சம் 10 வீதம் என்று போடுவது பரவலான வழக்கம். 20 கோடிக்கு அது நாளுக்கு ஒரு இலட்சம். கடன் 20 கோடி, வட்டி 14 வீதம் என்று வைத்தால் மாத வட்டி மட்டும் 23 இலட்சத்தைத் தாண்டும். வராத வாடகை தனி. நட்டஈட்டுத் தொகை உங்கள் உண்மை நட்டத்துக்கு அருகில் இருக்கிறதா என்று இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் அந்த வீதத்தை எழுத வேண்டும். ஆனால் டைல் நிறத்தை நீங்கள் ஆறு வாரம் தெரிவு செய்யாமல் இருந்தால் அந்த ஆறு வாரத்துக்கு ஒரு சதமும் பிடிக்க முடியாது. ஃபிடிக் 1999 படி ஒப்பந்தக்காரர் தாமதக் காரணத்தை அறிந்து 28 நாட்களுக்குள் அறிவித்தல் தர வேண்டும். கெட்டிக்கார ஒப்பந்தக்காரர்கள் ஒரு நாளும் தவறவிடுவதில்லை.

புறக்கோட்டையில் பகலில் லொறி நுழையாது. இரவில் வேலை செய்யலாமா?

காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் கனரக வாகனங்களுக்கு வீதிக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே தயார்க் கொங்கிறீட் வண்டி இரவில்தான் வரும். ஆனால் 1996ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் கட்டட வேலைக்குக் காணி எல்லையில் பகலில் 75 டெசிபெல், இரவில் 50 டெசிபெல் என்று வைத்திருக்கின்றன. 50 டெசிபெல் என்பது சாதாரணப் பேச்சை விடக் குறைவு. கடைகள் மட்டுமுள்ள தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வீடுகளுக்கு நடுவே என்றால் பொலிசுக்கு அழைப்பு போகும். தளம் போடும் இரவுகளை முன்கூட்டியே அயலவருக்குச் சொல்லி, கம்பி வெட்டல், பலகை அடித்தல் போன்ற சத்தங்களைப் பகலோடு முடித்துவிடுங்கள்.

டெங்கு என்று வழக்குப் போடுகிறார்களாமே?

ஆம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம். லிஃப்ட் குழி, பழைய டயர், தளத்தில் தேங்கிய நீர், பீப்பாய்கள் இவைதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் பார்க்கும் இடங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் சுற்றிப் பார்த்துக் கையொப்பம் இடும் பதிவேடு போதும்.

ஆட்கள் விழுந்து காயப்பட்டால் என் பொறுப்பா?

ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்று ஒப்பந்தம் சொல்லும். ஆனால் அவர் உப ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்து, அவர் இன்னொருவரிடம் ஆள் பிடித்திருந்தால் விழுந்தவரின் குடும்பம் உங்கள் கட்டட வாசலில்தான் நிற்கும். 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்துக்கான காப்புறுதி, ஒப்பந்தக்காரரின் சகல இடர்க் காப்புறுதி, மூன்றாந் தரப்புக் காப்புறுதி மூன்றின் பிரதியும் வேலை தொடங்குமுன் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டுகிறாரா என்று அவ்வப்போது கேளுங்கள். மாடி விளிம்புக்குத் தடுப்பும் சாரத்துக்கு வலையும் இல்லாத சைட்டில் அடுத்த பில்லை நிறுத்திவைக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். அது வேலை செய்கிறது.

தரத்தை நான் எப்படிப் பார்ப்பது? எனக்குக் கட்டட வேலை தெரியாது.

தெரியத் தேவையில்லை. தாள்களைக் கேளுங்கள். சீமெந்துப் பையில் எஸ்.எல்.எஸ். 107 அல்லது 1247 அடையாளம், கம்பியில் எஸ்.எல்.எஸ். 375. ஒவ்வொரு கொங்கிறீட் போடும் நாளிலும் எடுத்த கனவடிவக் குற்றிகளின் 7ஆம் நாள், 28ஆம் நாள் முடிவுகள். தளம் போடுமுன் கம்பியைச் சரிபார்த்து எஞ்சினியர் கையொப்பமிட்ட தாள். பைல்களின் சோதனை அறிக்கை. கேட்டதும் இவை வந்தால் சைட் ஒழுங்காக ஓடுகிறது. “நாளைக்குத் தருகிறேன்” என்றால் அன்றே எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

லிஃப்டையும் டிரான்ஸ்ஃபோமரையும் எப்போது பார்ப்பது?

தரைமாடி எழும்பும்போதே. லிஃப்ட் இறக்குமதி, கப்பலில் வருவது. அதன் குழியின் அளவு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். தெரிவு தாமதித்தால் குழி தப்பாகப் போய்விடும். மின்சாரத் தேவை 42 கேவிஏயைத் தாண்டினால் மொத்த விநியோக இணைப்பு வேண்டும். டிரான்ஸ்ஃபோமருக்கு இடம் தேவைப்படலாம். அந்த இடம் வரைபடத்தில் இல்லாமல் கடைசியில் வாகனத் தரிப்பிடத்தை விழுங்கிய கட்டடங்கள் உண்டு.

கட்டி முடிந்தது. வாடகைக்காரரை உள்ளே விடலாமா?

இணக்கச் சான்றிதழ் வருமுன் விடாதீர்கள். அனுமதித்த வரைபடத்துக்கும் நிற்கும் கட்டடத்துக்கும் இடையே வேறுபாடு இருந்தால் திருத்திய வரைபடம் கொடுத்து அங்கீகாரம் பெற வேண்டும். நடுவில் செய்த “சின்ன” மாற்றங்கள் எல்லாம் இங்கே வரிசையில் நிற்கும். தீயணைப்புச் சோதனையில் பம்ப், தெளிப்பான், அவசர விளக்கு, புகை உணரி எல்லாவற்றையும் ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். வாடகைக்காரரின் உள்வேலை ஆட்கள் சீலிங் அடித்துத் தெளிப்பான்களை மூடிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அவர்களுடைய வரைபடத்தையும் உங்கள் எஞ்சினியர் பார்க்க வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள்.

தகராறு வந்தால் நீதிமன்றமா?

பெரும்பாலான ஒப்பந்தங்களில் முதலில் நடுநிலைத் தீர்ப்பாளர் (அட்ஜுடிகேட்டர்), பிறகு 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்தத் தீர்ப்பாயம் (ஆர்பிட்ரேஷன்). இரண்டிலும் வெல்பவர் கடிதங்களை அடுக்கி வைத்தவர். வாட்ஸ்அப் செய்தியும் சாட்சிதான், ஆனால் கைபேசி மாறும்போது அது தொலைந்துபோகும். மாதம் ஒருமுறை அச்சிட்டுக் கோப்பில் போடுங்கள்.

குறைபாட்டுக் காலத்தில் என்ன பார்க்க வேண்டும்?

அது வழக்கமாக ஒரு வருடம். கூரைத்தளம், கண்ணாடிச் சுவரின் மூட்டுகள், பேஸ்மென்ட் சுவர், குளியலறைத் தரை என்பனதான் ஒழுகும் இடங்கள். ஒக்டோபர் மழை ஒன்றையாவது அந்தக் காலம் உள்ளடக்குகிறதா என்று கையளிக்கும் திகதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் பெருமழைக்கு மறுநாள் காலையே எல்லா மாடியும் ஏறி, ஈரத்தைப் படமெடுத்து, எழுத்தில் அனுப்புங்கள். பிடித்துவைத்த மீதிப் பாதியை, எங்கள் உதாரணத்தில் 50 இலட்சத்தை, அந்தப் பட்டியல் தீரும்வரை விடாதீர்கள்.